கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன்: மொரீஷியஸில் முதல்முறை போகிறவர்களுக்கு

என் மாமியார் ஃப்ளாக் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். இடுப்புக்குக் கீழே ஒரு பழைய புடவைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் எப்போதும் இருப்பார். முதுகுவலிக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கடைசிக் காலத்தில் அவரை நான் குளிப்பாட்டத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கர்ப்பப்பை முழுவதும் வெளியே வந்து, மேல்தோல் காய்ந்து, ஓரத்தில் புண்ணாகி இருந்தது. "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றார். இருபது வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

எனக்கு 57 வயதில் அதே தொந்தரவு தொடங்கியது. 59 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை, இந்தத் தீவுக்குத் திருமணமாகி வந்தவர்களுக்கும், பிள்ளைகளோடு தங்க வந்த அம்மாக்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கும் எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த ஆபரேஷன் உங்கள் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காகச் செய்வது. ஆகவே எது உங்களுக்குக் கஷ்டம் என்பதை நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் கண்ணால் பார்த்து அளக்க முடியும். உங்கள் வாழ்க்கையில் எது தடைப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது

இடுப்பெலும்புக்குக் கீழே தொட்டில் மாதிரி ஒரு தசைப் படுகை இருக்கிறது. அதன் மேலேதான் மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. மேலிருந்து தசைநார்களும் அவற்றைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. சுகப்பிரசவத்தில், அதிலும் குழந்தை பெரிதாக இருந்தாலோ ஆயுதம் போட்டு எடுத்தாலோ, இந்தத் தசையும் நாரும் இழுபட்டுக் கிழியும். மாதவிடாய் நின்ற பிறகு மிச்சமிருக்கும் பலமும் குறையும். அதற்கு மேல் வருடக்கணக்கான இருமல், மலச்சிக்கல், உடல் எடை, பாரம் தூக்கும் வேலை. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கீழே இறங்கும்.

எது இறங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். முன்பக்கச் சுவரைத் தள்ளிக்கொண்டு மூத்திரப்பை இறங்கினால் சிஸ்டோசீல் என்பார்கள். பின்பக்கச் சுவர் வழியாக மலக்குடல் துருத்தினால் ரெக்டோசீல். கர்ப்பப்பையே இறங்கலாம். கர்ப்பப்பையை முன்பே எடுத்துவிட்டவர்களுக்கு யோனியின் மேல்முனை இறங்கலாம். பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். நம் வீட்டில் எல்லாவற்றையும் "அடி இறங்கிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆபரேஷன் என்று வரும்போது எது இறங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். ஒன்று என்றால் உள்ளேயே லேசாக. இரண்டு என்றால் வாசல் வரை. மூன்று என்றால் வெளியே. நான்கு என்றால் முழுவதும் புரண்டு வெளியே. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்றாம் நிலையில் பெரிய தொந்தரவு இல்லாமல் நடமாடுகிறவர்களும் உண்டு. இரண்டில் தவிக்கிறவர்களும் உண்டு.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்

நான் முதலில் போன இடத்தில் ஒரு இளம் டாக்டர் "வயசானால் வரும் மாதாம்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அவர் மீது கோபம் இருந்தது. பிறகு யோசித்தபோது, நானும் "கீழே கொஞ்சம் கனமா இருக்கு" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன் என்பது புரிந்தது. அடுத்த முறை எழுதிக்கொண்டு போனேன். நீங்களும் எழுதுங்கள்:

- காலையில் எப்படி, சாயங்காலம் எப்படி? படுத்தால் உள்ளே போகிறதா?
- மூத்திரம் முழுதாக வருகிறதா, மிச்சம் நிற்கிற மாதிரி இருக்கிறதா? விரலால் உள்ளே தள்ளினால்தான் வருகிறதா?
- மலம் கழிக்க விரலால் அழுத்த வேண்டியிருக்கிறதா?
- இருமினால், தும்மினால் கசிகிறதா? அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதா?
- தாம்பத்தியத்தில் வலியோ கூச்சமோ?
- இதனால் எதைச் செய்வதை நிறுத்திவிட்டீர்கள்? கோவிலுக்குப் போவதா, பஸ்ஸில் ஏறுவதா, பேரனைத் தூக்குவதா?

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். விரலால் தள்ளுவதை எத்தனையோ பெண்கள் செய்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. டாக்டருக்கு அது மிக முக்கியமான தகவல்.

மொழிக்குத் தயங்காதீர்கள். கிரியோலில் "மாத்ரிஸ் பெ தெசான்" என்றால் எந்த நர்ஸுக்கும் புரிந்துவிடும். பிரெஞ்சு பேசும் டாக்டர்கள் "தெசாந்த் தோர்கான்" என்பார்கள், சீட்டில் ஆங்கிலத்தில் ப்ரொலாப்ஸ் என்று எழுதுவார்கள். மூன்றும் ஒன்றுதான். மகனையோ கணவரையோ மொழிபெயர்க்க வைத்தால் பாதியை விழுங்கிவிடுவீர்கள். ஒரு பெண்ணை, மகளோ மருமகளோ பக்கத்து வீட்டு அக்காவோ, கூட்டிப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றும், பரிசோதனையின்போது ஒரு நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

எங்கே போவது

அரசு வழியில் போகிறவர்கள் உங்கள் ஊர் ஹெல்த் சென்டரில் தொடங்குங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் மகளிர் பிரிவுக்குப் போகலாம். வட்டாரத்துக்கு ஒன்றாக ஐந்து இருக்கின்றன: போர்ட் லூயிஸில் ஜீட்டூ, பாம்ப்ளமூஸில் சர் சீவூசாகுர் ராம்கூலம், ஃப்ளாக்கில் புரூனோ சியோங், ரோஸ் பெல்லில் ஜவஹர்லால் நேரு, காந்தோஸில் விக்டோரியா. குடிமக்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் உட்பட எதற்கும் கட்டணம் இல்லை. விசாவிலோ வேலை அனுமதியிலோ இருப்பவர்கள் முதல் நாளே பதிவு மேசையில் கேட்டுவிடுங்கள். ராந்தேவு அட்டையை, அதாவது அடுத்து வர வேண்டிய நாளை எழுதித் தரும் அட்டையை, தொலைக்காதீர்கள். அடுத்த தேதி எல்லாம் அதில்தான்.

தனியார் கிளினிக் என்றால் சொல்லும் தொகையில் மயக்க மருந்து டாக்டர், அறை வாடகை, எடுத்த திசுவைச் சோதிக்கும் செலவு, கூடுதல் நாள் தங்கினால் ஆகும் செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த வகை ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?" கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பரிசோதனை சில நிமிடம்தான். படுக்க வைத்து, இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். படுத்திருக்கும்போது உள்ளே போய்விட்டால் "நின்று பாருங்கள் டாக்டர்" என்று சொல்லுங்கள். சாயங்காலம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். மூத்திரப் பரிசோதனை, ஸ்கேன், மூத்திரம் போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற அளவு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஆகியவை வழக்கமாக இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டிருந்தால் அதை இறக்கத்தின் தலையில் போட்டுவிடாதீர்கள். அதற்குத் தனியாகச் சோதனை செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆபரேஷனுக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை

இறக்கம் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. மூத்திரம் அடியோடு நின்றுபோனாலோ, வெளியே வந்தது உள்ளே போகாமல் வீங்கிக் கறுத்தாலோ உடனே ஓட வேண்டும். மற்றபடி யோசிக்க நேரம் உண்டு.

முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்கு இடுப்புத் தசைப் பயிற்சி நல்ல பலன் தரும். மூத்திரத்தை அடக்குவது போலவும் வாயுவை அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துப் பிடித்து விட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரிபார்த்துச் சொல்லிக்கொடுத்து, குறைந்தது 16 வாரம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டவர்கள்தான் அதிகம்.

அடுத்தது பெசரி. சிலிக்கானில் செய்த வளையம். உள்ளே பொருத்திவிட்டால் இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். நான் 14 மாதம் அதோடு இருந்தேன். நன்றாகவே இருந்தது. அப்புறம் உள்ளே உரசிப் புண் வந்ததால்தான் ஆபரேஷன் பக்கம் போனேன். இதய நோய் உள்ளவர்கள், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் இதோடு வருடக்கணக்கில் இருக்கலாம்.

எந்த ஆபரேஷன்?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றவுடன் நாம் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் குற்றவாளி கர்ப்பப்பை அல்ல. தளர்ந்தது தாங்கும் நார். பையை மட்டும் எடுத்துவிட்டு மேல்முனையைச் சரியாகக் கட்டாமல் விட்டால், சில வருடத்தில் அந்த முனையே இறங்கி வரும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது: "கர்ப்பப்பையை எடுத்தால், மேல்முனையை எதில் கட்டுவீர்கள்?" நான் இதைக் கேட்டபோது டாக்டர் பேனாவை எடுத்துப் படம் வரைந்து காட்டினார். அதுவரை பதில் எல்லாம் ஒரு வரியில்தான் வந்துகொண்டிருந்தது.

மூத்திரப்பையோ மலக்குடலோ மட்டும் துருத்தினால், யோனிச் சுவரைத் திறந்து, அடியில் இருக்கும் திசுவை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். வயிற்றில் கத்தி இல்லை. முன்சுவர்த் தையல், பின்சுவர்த் தையல் என்று இரண்டு. பின்சுவரை அளவுக்கு மீறி இறுக்கினால் தாம்பத்தியத்தில் வலி வரும். அந்த உறவு உங்களுக்கு முக்கியம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அறுபது வயதில் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

கர்ப்பப்பை இறங்கியிருந்தால், யோனி வழியாகவே அதை எடுத்துவிட்டு, மேல்முனையை உள்ளிருக்கும் நாரில் கட்டுவது வழக்கமான முறை. எனக்குச் செய்தது இதுவும் முன்சுவர்த் தையலும். இன்னொரு வழி, மேல்முனையையோ கர்ப்பப்பையையோ இடுப்பெலும்பின் பின்புற நாரில் தைப்பது. இதில் சில வாரம் ஒரு பக்கப் புட்டத்தில் வலி இருக்கும். பெரும்பாலும் தானே போய்விடும்.

பையை வைத்துக்கொண்டே செய்யும் முறைகளும் உண்டு. 1888-லேயே மான்செஸ்டரில் டொனால்டு என்ற டாக்டர் தொடங்கிய முறையில், நீண்டுபோன கர்ப்பப்பை வாயைக் குறைத்து, நாரை முன்னால் இழுத்துக் கட்டுவார்கள். பம்பாயில் டாக்டர் ஷிரோத்கர் இளம் பெண்களுக்காகவே பட்டை வைத்துத் தூக்கிக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். கர்ப்பம் கலையாமல் இருக்கக் கர்ப்பப்பை வாயில் போடும் ஷிரோத்கர் தையலும் அவருடையதுதான். பிள்ளை இன்னும் வேண்டும் என்றால் டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். முடிந்தால் பிள்ளைப்பேறு முடியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது. இன்னொரு பிரசவம் தையலைக் கெடுத்துவிடலாம்.

ஏற்கெனவே பையை எடுத்தவர்களுக்கு மேல்முனை இறங்கினால், வயிறு வழியாக, இப்போது பல இடங்களில் சிறு துளை போட்டு, செயற்கை நூலில் நெய்த ஒரு வலைத்துண்டால் அதை முதுகெலும்பின் அடிப்பகுதியில் கட்டுவார்கள். நன்றாகத் தாங்கும். ஆனால் பெரிய ஆபரேஷன்.

வலை என்றதும் ஒரு விளக்கம். யோனி வழியாக வைத்த வலையால் உலகம் முழுக்கப் பல பெண்கள் வலியும் புண்ணும் பட்டார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அந்த வகை வலை விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிறு வழியாக வைக்கும் வலை வேறு. அது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. வலை வைக்கப் போகிறார்களா, எந்த வழியாக, ஏன் என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. பாரிஸில் லெ ஃபோர் என்ற டாக்டர் 1877-ல் விவரித்த முறை: முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துத் தைத்து வழியையே மூடிவிடுவது. அதற்குப் பிறகு தாம்பத்திய உறவு முடியாது. வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்த வயதானவர்களுக்கு இது சின்ன ஆபரேஷன், சீக்கிரம் குணமாகும், மறுபடி இறங்குவதும் மிகக் குறைவு. என் மாமியாருக்கு இது பொருத்தமாக இருந்திருக்கும். இருபது வருடம் துணி கட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு உண்மைகள். தையல் போட்ட பிறகும் 100 பேரில் 25 முதல் 30 பேருக்கு அதே இடத்திலோ வேறு இடத்திலோ மறுபடி இறக்கம் வருகிறது. எல்லாருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படாது. இரண்டாவது, இறங்கிய மூத்திரப்பை மூத்திரக் குழாயை மடக்கிப் பிடித்திருக்கும். தூக்கிக் கட்டியதும் மடிப்பு நிமிர்ந்து, இதுவரை இல்லாத கசிவு புதிதாகத் தொடங்கலாம். என் தோழி ஒருத்தி இதைத் தெரியாமல் போய், ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று மாதக்கணக்கில் அழுதாள். முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடியும், கேளுங்கள்.

தேதி, தயாரிப்பு

என் யோசனை: ஜூன், ஜூலை, ஆகஸ்ட். புயல் காலம் முடிந்திருக்கும், வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டி வராது. வெயில் குறைவு, தைப்பூசக் காவடியும் இல்லை. ஒரே குறை, குளிர்கால இருமல். எனக்கு மூன்றாம் வாரத்தில் இருமல் வந்து, ஒவ்வொரு முறையும் தலையணையை வயிற்றோடு அணைத்துக் காலைக் குறுக்கி இருமினேன். குளிருக்கு முன்பே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தையல் ஆறாது, சீழ் பிடிக்கும். சில மாதம் தள்ளிப்போட்டாவது சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஆஸ்பிரின், நாட்டு மருந்து, திசான் கஷாயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலை முன்பே சரிசெய்யுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குச் சில வாரம் யோனிக்குள் போடும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக்கொடுப்பதுண்டு.

வீட்டில் ஆறு வாரத்துக்கு யார் சமைப்பது, துணி துவைப்பது என்பதை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் பேசி முடியுங்கள். 12 கிலோ காஸ் சிலிண்டரை யார் மாற்றுவது என்பதுவரை. "நான் பார்த்துக்கிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் பெயர் வேண்டும்.

ஆஸ்பத்திரியில்

சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன் நிற்கும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். வேண்டுமென்றால் முழு மயக்கமும் உண்டு. எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. விழித்தபோது மூத்திரக் குழாய், இங்கே சோந்த் என்பார்கள், பொருத்தியிருந்தது. யோனிக்குள் நீளமான துணிப்பஞ்சு. இரண்டையும் வழக்கமாக ஓரிரு நாளில் எடுப்பார்கள். பஞ்சை இழுக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், ஒரு நிமிடம்தான். குழாய் எடுத்த பிறகு முதல் முறை மூத்திரம் தானாக, முழுதாக வருகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வராவிட்டால் சில நாள் குழாயோடு போக நேரும், பயப்படாதீர்கள். இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடுவார்கள். மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். நடங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: முன்பக்கம் பட்டன் வைத்த தளர்ந்த நைட்டி இரண்டு, பெரிய பேட், வழுக்காத செருப்பு, உங்கள் மாத்திரைகள், ராந்தேவு அட்டை.

வீட்டில் ஆறு வாரம், அப்புறம் மூன்று மாதம்

தையல் தானே கரையும். நான்கு முதல் ஆறு வாரம் பழுப்பாக, சில நாள் லேசான இரத்தத்தோடு கசியும். நூல் துண்டும் விழலாம். பேட் மட்டும், உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. தாம்பத்தியம் ஆறு வாரம் வேண்டாம்.

முக்கக் கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. டாக்டர் தரும் மலமிளக்கி, நிறையத் தண்ணீர், கீரை, பப்பாளி. கழிப்பறையில் காலுக்கு அடியில் சின்ன ஸ்டூல் போட்டு, முன்னால் சாய்ந்து உட்காருங்கள்.

பாரம்: முதல் ஆறு வாரம் தண்ணீர் நிரம்பிய கெட்டிலுக்கு மேல் எதுவும் தூக்காதீர்கள். வாளி, அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதுவும் இல்லை. பேரன் ஓடி வந்தால் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள். மூன்று மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும் நான்காவது வாரம்தான் ஆபத்து. எனக்குத் தெரிந்த இருவர் அந்த வாரத்தில்தான் வீடு கழுவத் தொடங்கினார்கள். நடை மட்டும் தினமும் கூட்டுங்கள்.

ஒரு பேட் ஒரு மணி நேரத்தில் நனைந்தால், காய்ச்சல் வந்தால், கெட்ட வாடை அடித்தால், மூத்திரம் வராவிட்டால், வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 114-ஐ அழையுங்கள். சாமு என்கிற அவசர ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

ஆறு வாரச் சோதனைக்கு நன்றாக இருந்தாலும் போங்கள். எடுத்த கர்ப்பப்பையின் திசுச் சோதனை முடிவை அன்றுதான் கேட்டு வாங்க வேண்டும். இடுப்புத் தசைப் பயிற்சியை எப்போது மறுபடி தொடங்குவது என்றும் கேளுங்கள்.

எனக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. காவடிக்குப் பால்செம்பு எடுப்பதாக நேர்ந்திருந்தேன். ஜூலையில் ஆபரேஷன், காவடி ஜனவரியில். ஆறு மாதம் ஆகியிருந்தது. டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: வெறுங்காலில் மூன்று கிலோமீட்டர், தலையில் பால். அவர் செம்பு எவ்வளவு கனம் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தேன், பாலோடு இரண்டு கிலோ. "போங்கள், ஆனால் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், விரதத்தில் மலச்சிக்கல் வரவிடாதீர்கள்" என்றார். மருமகள் பக்கத்திலேயே நடந்தாள். பாதி வழியில் செம்பைக் கொஞ்ச நேரம் அவள் வாங்கிக்கொண்டாள்.